கடல் கடந்த குளம்படி – 9: வேட்டைக்கு உடுத்திய கோலம்

பங்குனி உத்திரத்தை ஒட்டிய இரவு. சம்பா அறுத்த வயல்களில் உளுந்து நிற்கும் காலம். சீர்காழியிலிருந்து தென்கிழக்கே, திருவாலிக்கும் திருநகரிக்கும் நடுவில் உள்ள வேதராஜபுரத்தில் நள்ளிரவு நெருங்க நெருங்கக் கூட்டம் வரப்பில்கூட நிற்க இடமில்லாமல் நெருக்கும். மணக்கோலத்தில் வயலாளி மணவாளன் எழுந்தருளியிருப்பார். திடீரென்று இருட்டின் ஒரு பக்கம் தீவட்டிகள் எழும்பும். "வர்றாரு, வர்றாரு" என்று யாரோ கத்துவார்கள். ஆடல்மா என்னும் தன் குதிரையில் ஏறித் திருமங்கை மன்னன் மணமக்களை வழிமறிக்க வருவார். அந்த ஓட்டத்தில் குதிரையின் கழுத்து மணிதான் முதலில் காதுக்கு எட்டும். பிறகுதான் வெளிச்சத்தில் குதிரை தெரியும்.

வேடுபறி என்று இந்த விழாவுக்குப் பெயர். கொள்ளையடிக்க வந்தவன் பெருமாளின் கால்விரல் மெட்டியைப் பல்லால் கடித்து இழுக்கப் போய் ஆட்கொள்ளப்பட்ட கதையைச் சீர்காழி வட்டாரத்துக் குழந்தைக்குக்கூடச் சொல்லித்தர வேண்டியதில்லை. சின்ன வயதில் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றபோது எனக்கு அந்தக் கதையைவிடக் குதிரை மேல்தான் கண். நெற்றியில் என்ன கட்டியிருக்கிறார்கள், ஆழ்வார் எதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இவ்வளவு வேகத்தில் விழாமல் இருப்பது எப்படி? பாட்டி, "பேசாம சேவிடா" என்றாள்.

சென்ற இதழில் காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கப்பலேறி வந்து இறங்கிய குதிரைகளைப் பார்த்தோம். சோழர் கல்வெட்டுகளில் வரும் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகளையும் பார்த்தோம். இறங்கிய குதிரைக்கு என்ன பூட்டினார்கள், அதில் ஏறி வேட்டைக்குப் போனவன் என்ன உடுத்தினான் என்பதை இந்த இதழில் பார்க்கலாம்.

முதலில் ஒரு சங்கடமான சாட்சி. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் தமிழ்நாட்டுக் கரையைப் பார்த்த மார்க்கோ போலோ, இந்த நாட்டில் தையற்காரனே கிடையாது என்று எழுதிவைத்தான். துணியை வெட்டித் தைத்துப் போடும் பழக்கம் இங்கே யாருக்கும் இல்லையாம். அரசனும் இடுப்பில் ஒரு துணியோடு இருக்கிறானாம். வேறுபாடு கழுத்திலும் கையிலும் கிடக்கும் முத்திலும் மணியிலும்தானாம். வீரர்கள் வேலும் கேடயமும் மட்டும் எடுத்துக்கொண்டு வெற்றுடம்போடு போருக்குப் போகிறார்கள் என்றும் சொல்கிறான். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கும் நாட்டில் அவற்றைப் பேணத் தெரிந்தவர்கள் இல்லை, சோறு வேகவைத்துப் போடுகிறார்கள், பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் செத்துப்போகின்றன என்பதும் அவன் குறிப்புத்தான்.

இதில் உண்மை நிறைய உண்டு. காவிரிப் பாசனப் பகுதியில் சித்திரை வெயிலில் தைத்த சட்டையோடு ஒரு மைல் நடந்தவர்கள் அந்த வெற்றுடம்பின் நியாயத்தை ஒப்புக்கொள்வார்கள். ஆனால் தையலே தெரியாத மக்கள் என்று முடிவுகட்டினால் தவறிவிடும். மார்க்கோ போலோவுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே முல்லைப்பாட்டு, பாசறையில் காவல் நிற்கும் யவனர்களின் உடையை வர்ணிக்கிறது. இடையில் குதிரைச் சவுக்கை வளைத்துச் சுற்றியிருக்கிறார்கள். உடை இறுக்கமாக இருக்கிறது. மேலே போட்டிருப்பதற்குப் புலவர் நப்பூதனார் சொல்லும் பெயர் மெய்ப்பை. உடம்பை உள்ளே போட்டுக்கொள்ளும் பை! சட்டை என்பதற்கு இவ்வளவு அழகான சொல் நம்மிடம் இருந்திருக்கிறது. சவுக்குக்கு அங்கே வரும் பெயர் மத்திகை. குதிரையோடு வந்த அயலான் சவுக்கை இடுப்பில் சுற்றிக்கொள்வதை நம் புலவர் கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறார். இரண்டு கையும் வேலை செய்யும்போது சவுக்கு வேறெங்கே போகும்?

நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு இந்த இடம் நல்ல தொடக்கம். குதிரை வேட்டைக்காரனின் உடை அழகுக்காகப் பிறந்தது அல்ல. அவன் இரண்டு கைகளில் ஒன்று கடிவாளத்துக்கு, மற்றொன்று வேலுக்கு. அவிழும் முடிச்சைச் சரிசெய்யக் கை இல்லை. ஆகவே எதுவும் அவிழக்கூடாது, பறக்கக்கூடாது, முள்ளில் மாட்டக்கூடாது. தொடைக்கும் சேணத்துக்கும் நடுவே துணி மடிந்து கிடந்தால் இரண்டு மணி நேர ஓட்டத்தில் தோல் உரிந்துவிடும். வயலில் இறங்குபவர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டுவார். அது நடவுக்குப் போதும். குதிரைக்குப் போதாது. தொடைக்கு அடியில் விழும் அந்த மடிப்புத்தான் புண்ணாக்கும்.

அதற்கு நம்மவர் கண்ட தீர்வு சல்லடம். தொடையோடு ஒட்டி, முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும் குட்டைக் காற்சட்டை. அதன்மேல் இடுப்பைச் சுற்றி இறுக்கும் கச்சை. கச்சை வெறும் இடுப்புத்துணி அன்று. குதிரை தூக்கிப்போடும் ஒவ்வொரு துள்ளலிலும் வயிற்றையும் நடுமுதுகையும் தாங்குவது அதுதான். பிச்சுவா செருக இடமும் அதுதான்.

சல்லடத்தைப் பார்க்க அருங்காட்சியகம் போக வேண்டாம். எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கருப்பசாமிக்குக் கொடை நடந்த மாலையில் சாமியாடி உடுத்துவதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அறுபது வயதிருக்கும். சிவப்புச் சல்லடத்தை ஏற்றி நாடாவை முடிந்தார். பிறகு கச்சைத் துணியின் ஒரு முனையைத் தம்பி முறையுள்ள ஒருவரிடம் கொடுத்து தள்ளி நிற்கச் சொன்னார். துணி கயிறு மாதிரி விறைத்தது. மறுமுனையைத் தொப்புளில் வைத்துக்கொண்டு, "விடாத, இழுத்துப் புடி" என்று சொல்லியபடியே தம்மைத்தாமே சுழன்று சுழன்று துணிக்குள் சுற்றிக்கொண்டு போனார். ஐந்தாவது சுற்றில் மூச்சை உள்ளே இழுத்தார், ஆறாவதில் செருகினார். காலில் சலங்கை, தலையில் பாகை, கையில் அரிவாள். "ஏன் அண்ணே இவ்வளவு இறுக்கம்?" என்று கேட்டேன். "சாமி குதிரையில போவுதுல்ல" என்றார்.

சாமி குதிரையில் போகிறது. அந்த ஒரு சொல்லில்தான் இந்த இதழே இருக்கிறது. மன்னர்களின் வேட்டை உடை ஒன்றும் மிஞ்சவில்லை. பருத்தியும் பட்டும் தோலும் நம் ஈரத்தில் நெடுங்காலம் தாங்காது. ஆனால் ராத்திரி வேட்டைக்குப் புறப்படும் ஐயனாருக்கும் கருப்பனுக்கும் யார் உடை தைத்தார்களோ அவர்கள் தங்கள் கண்ணால் கண்ட குதிரைவீரனின் உடையைத்தான் தைத்தார்கள். தெய்வத்தின் உடையை யாரும் மாற்றத் துணியவில்லை. அப்படியே தங்கிவிட்டது.

திருமங்கையாழ்வாரின் கோலமும் அப்படித்தான். வேலை அணைத்தபடி கைகூப்பி நிற்கும் திருநகரி ஆழ்வாரைத் தலைமுதல் கால்வரை வர்ணித்து மணவாள மாமுனிகள் எழுதிய உரைநடை ஒன்று வைணவர்களுக்கு மனப்பாடம். அதில் சீரா வருகிறது, திருத்தண்டை வருகிறது, வீரக்கழல் வருகிறது. சீரா என்ற சொல்லுக்கு அகராதியில் கவசம் என்ற பொருள் உண்டு. கும்பிடும் கைகளையும் போர்க்கோலத்தையும் ஒரே மூச்சில் சொல்ல மாமுனிகளுக்குத் தயக்கமில்லை. ஆலிநாட்டுக் குறுநில மன்னனாகக் குதிரையேறி வாழ்ந்தவரை அந்த அடையாளத்தோடுதான் கும்பிட வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

இனிக் குதிரை. சேணத்துக்குக் கலனை என்றும் பெயர் உண்டு. காலை ஊன்றும் வளையத்துக்கு அங்கவடி. முகத்தைச் சுற்றிய வாரும் வாயில் கிடக்கும் இரும்பும் சேர்ந்தது கடிவாளம். காதின் ஓரம் தொங்கும் கவரிக்குக் கன்னசாமரை, உச்சியில் ஆடும் குஞ்சத்துக்குத் தலையாட்டம். இந்தச் சொற்களில் பாதியை இன்று வாகனம் சாத்துகிறவர்கள் வாயில்தான் கேட்கலாம்.

இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கல்லில் பார்க்க ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துக்குப் போக வேண்டும். பதினாறாம் நூற்றாண்டு வேலை. முன்னங்கால்களைத் தூக்கி எழும்பிய குதிரைகள், மேலே வீரர்கள், கீழிருந்து பாயும் புலி, நடுவில் ஈட்டி. பெரும்பாலோர் குதிரையின் உயரத்தைப் பார்த்து வியந்து நகர்ந்துவிடுகிறார்கள். நின்று வார்களைப் பாருங்கள். மார்பைச் சுற்றி ஒரு வார் போகிறது. குதிரை இப்படிச் செங்குத்தாக எழும்பினால் சேணம் பின்னுக்கு வழுக்கும். அதைப் பிடித்து நிறுத்துவது அந்த மார்வார். சரிவில் இறங்கும்போது சேணம் முன்னுக்கு, கழுத்துமேல் ஏறாமல் பிடிப்பது வாலடியில் போகும் வார். இரண்டும் அலங்காரம் என்று நினைத்துத்தான் நானும் வெகுநாள் பார்த்துக்கொண்டிருந்தேன். குதிரை பழக்கும் ஒருவர் எடுத்துச் சொன்ன பிறகு, அந்தச் சிற்பிகள் குதிரைக் கொட்டடியில் நின்று பார்த்து வந்து செதுக்கியவர்கள் என்று தெரிந்தது.

அந்தக் காலத்து உண்மைக் குதிரைகளைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் எழுதிவைத்திருக்கிறார். 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ், கிருஷ்ணதேவராயரின் படை அணிவகுப்பை வர்ணிக்கிறார். குதிரைகளின் நெற்றியில் தகடுகள், சில வெள்ளி, பல பொன்முலாம் பூசியவை. பல நிறப் பட்டு நூலை முறுக்கிய குஞ்சங்கள். வீரர்களுக்கு அடுக்கடுக்காகத் தைத்த கனத்த மேலங்கிகள். மார்க்கோ போலோவின் தையற்காரனில்லாத நாட்டுக்கும் இதற்கும் இருநூறு ஆண்டுத் தூரம். நடுவில் வடக்கேயிருந்து குதிரைப்படைகள் வந்து போயிருந்தன. எதிரியின் உடையைப் போர்க்களத்தில் கற்றுக்கொண்டார்கள்.

ஒன்றை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். பயஸ் பார்த்தது விழாக்கோலம். வேட்டைக்கோலம் வேறு. நெற்றித் தகடு வெயிலில் மின்னினால் ஒரு மைல் தூரத்திலேயே மான் ஓடிவிடும். கழுத்தில் மணி கட்டிய குதிரையோடு முயல்கூடப் பிடிக்க முடியாது. தலையாட்டமும் கன்னசாமரையும் முட்புதரில் கிழியும். உண்மையாக வேட்டைக்குப் போன குதிரைக்குச் சேணம், கடிவாளம், இரண்டு வார், சேணத்துக்கு அடியில் வியர்வை உறிஞ்ச ஒரு கனத்த துணி, இவ்வளவுதான் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. அடித்துணி மட்டும் இல்லாவிட்டால் அன்று மாலையே குதிரையின் முதுகில் புண்விழும். ஆற்றுப்படுகையின் ஈரக்காற்றில் அந்தப் புண் ஆறாது, ஈ மொய்க்கும், குதிரை போய்விடும். கடல் கடந்து வந்த குதிரையைக் காப்பாற்றியது பொன்முலாம் அன்று, ஒரு முழம் பருத்தித் துணி.

மணி எதற்கு என்றால், சாமிக்கு. பார்வேட்டைக்குப் பெருமாள் புறப்படும்போதும், விஜயதசமியன்று அம்பு போடக் குதிரை வாகனத்தில் சாமி எழுந்தருளும்போதும் எந்த உயிரும் சாகப்போவதில்லை. ஊர் முழுதும் தெரிய வேண்டும், எழுந்து வர வேண்டும். காணும் பொங்கலை ஒட்டிக் காஞ்சி வரதர் பழையசீவரம் மலைக்குப் பார்வேட்டை போவதும் இந்த மரபுதான். வேட்டையின் கருவியும் விழாவின் மணியும் கோயில் குதிரையில் ஒன்றாய்ச் சேர்ந்துவிட்டன. சேர்ந்தே இருக்கட்டும். எது எதற்கு என்று நமக்குத் தெரிந்தால் போதும்.

1676 வாக்கில் தஞ்சை மராட்டியரான ஏகோஜியின் கைக்கு வந்ததும் குதிரையோடு சொற்களும் மாறின. சேணம் ஜீனி ஆனது, கடிவாளம் லகான் ஆனது, மத்திகையின் இடத்தில் சவுக்கு வந்து உட்கார்ந்தது. பாரசீகச் சொற்கள் மராட்டியர் நாவில் ஏறித் தஞ்சைத் தெருவுக்கு வந்தன. மராட்டியர் ஆண்ட பகுதிகளில் ஜீனிகர் என்றொரு கைவினைக் குலமே உண்டு. ஜீனி செய்பவர் என்பதுதான் அந்தப் பெயர். சேணத்தின் தேவை குறைந்தபோது அவர்களில் பலர் சித்திரத்துக்கும் மர வேலைக்கும் போனார்கள்.

தஞ்சைக் குதிரைவீரனின் வேகத்துக்கு எங்கள் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. சீர்காழிக்கு வடகிழக்கே கொள்ளிட முகத்துவாரத்தில் இருந்த தேவிக்கோட்டையை 1749இல் கும்பினிப் படை தாக்கியது. தஞ்சையில் பிரதாபசிங் ஆட்சி. தாக்குதலின் முன்வரிசையில் இளம் லெப்டினன்ட் ஒருவன், பெயர் ராபர்ட் கிளைவ். அவன் தலைமையில் முன்னேறிய சிறு குழுவைத் தஞ்சைக் குதிரைப்படை பின்னாலிருந்து வந்து வெட்டிச் சாய்த்தது. கிளைவ் மயிரிழையில் தப்பினான். சதுப்பிலும் மணலிலும் அப்படித் திரும்பிப் பாய இலேசான உடையும் இலேசான சேணமும் வேண்டும். மராட்டியக் குதிரைவீரர்கள் அதற்குத்தான் பேர் போனவர்கள்.

அவர்கள் காலில் போட்டது முழங்காலுக்குக் கீழே ஒட்டிப்பிடிக்கும் சுரிதார். அதே குடும்பத்தைச் சேர்ந்த ராஜபுதனத்துக் காற்சட்டை பிறகு உலகையே சுற்றியது. 1897இல் விக்டோரியா மகாராணியின் வைரவிழாவுக்கு லண்டன் போன ஜோத்பூர் சர் பிரதாப் சிங்கின் சவாரி உடையைப் பார்த்து ஆங்கிலேயர் தைத்துக்கொண்டார்கள் என்பார்கள். தொடையில் தொளதொளப்பு, முழங்காலுக்குக் கீழே இறுக்கம். இன்றும் உலகமெங்கும் குதிரை ஏறுகிறவர்கள் ஜோத்பூர் என்ற ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் அதை வாங்குகிறார்கள்.

ஆங்கிலேயர் தங்கள் வேட்டை உடையை அப்படியே கப்பலில் கொண்டுவந்து ஊட்டியில் போட்டுக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே அங்கே வேட்டைநாய்க் கூட்டத்தோடு குதிரைவேட்டை தொடங்கிவிட்டது. பின்னாளில் சென்னை ஆளுநராயிருந்த வென்லாக் பிரபுவின் பெயர் தாங்கிய புல்மேடுகள்தான் களம். இங்கிலாந்தின் செந்நரி இல்லாததால் நம் குள்ளநரியைத் துரத்தினார்கள். செக்கச்செவேல் என்ற கம்பளிக் கோட்டு, முழங்கால்வரை கறுப்புத் தோல் பூட்ஸ், கழுத்தில் பல மடிப்பாய்ச் சுற்றிய வெள்ளைத் துணி. அந்தக் கழுத்துத் துணி எனக்குப் பிடித்தது. விழுந்து கை முறிந்தால் அதை அவிழ்த்துத் தூளி கட்டலாம், குதிரைக்குக் காயம் பட்டால் கட்டுப்போடலாம். கருப்பசாமியின் கச்சைக்கும் இதற்கும் புத்தி ஒன்றுதான். விடுதலைக்குப் பிறகும் வெலிங்டன் படைக்கல்லூரி அதிகாரிகளின் பங்கோடு அந்தச் சிவப்புக் கோட்டுச் சவாரி தொடர்ந்தது. நரியைப் பரியாக்கிய இறைவனை ஆவுடையார்கோயிலில் வணங்கும் நாட்டில், பரியேறி நரியைத் துரத்துவது எனக்கு ஒப்பவில்லை. உடையின் நேர்த்தியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஊட்டியின் குளிரில் கம்பளி சரி. சமவெளியில் ஈட்டியோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன வெள்ளைக்காரனுக்கு அது ஆகவில்லை. 1889இல் பேடன் பவல் எழுதி வெளியிட்ட பன்றிவேட்டை நூல் அந்த விளையாட்டுக்கு எவ்வளவு மவுசு இருந்தது என்பதைக் காட்டும். பின்னாளில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய அதே பேடன் பவல்தான். வெயில் மண்டையைப் பிளக்கும், விழுந்தால் மண்டை உடையும். இரண்டுக்கும் சேர்த்து அவர்களுக்குக் கிடைத்தது சோலா தொப்பி. சோலாவைச் 'சோலார்' என்று எடுத்துக்கொண்டு, சூரியனுக்கான தொப்பி என்று பலர் நினைக்கிறார்கள். சோலா என்பது சதுப்புநிலச் செடி ஒன்றின் வங்காளப் பெயர். அந்தச் செடி நமக்கு அந்நியமா? நெட்டி!

தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு நெட்டி என்றால் மாட்டுப் பொங்கல். குளத்திலும் தாழ்நிலத்திலும் வளர்ந்த தண்டை அறுத்து வந்து, பழுப்புத் தோலைச் சீவினால் உள்ளே பால்வெள்ளையில் ஒரு தக்கை. கையில் எடுத்தால் கனமே தெரியாது. நகம் பட்டால் பள்ளம் விழும். கூர்கத்தியை உருட்டிக்கொண்டே போனால் காகிதம் போலத் தாளாகப் பிரியும். அதைத் துண்டாக்கிச் சாயம் தோய்த்து மாலையாகக் கோத்து மாட்டின் கழுத்தில் போடுகிறோம். தஞ்சை நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நெட்டியில் செதுக்கிய பெரிய கோயிலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதே தக்கையைத் தாள்தாளாக ஒட்டி அச்சில் வைத்துக் காயவைத்து, துணி போர்த்தினால் சோலா தொப்பி. உள்ளே கோடிக்கணக்கான காற்றறைகள் வெயிலைத் தடுக்கும், அடிபட்டால் தக்கை நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். இன்றைய தலைக்கவசத்தின் உள்ளே வெள்ளைத் தெர்மாகோல் செய்யும் வேலையும் இதுதான்.

இங்கிலாந்துக் கம்பளியையும் ராஜபுதனத்துக் காற்சட்டையையும் சதுப்பில் விளைந்த நெட்டியையும் சேர்த்துத்தான் அந்தக் கடைசித் தலைமுறை வேட்டைக்காரன் உடுத்தினான். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கடிவாளம் போட்டது. கோடியக்கரையின் வெளிமான்கள் இன்று எந்தக் குதிரைக்கும் பயப்பட வேண்டியதில்லை.

போன பங்குனியில் மறுபடி வேதராஜபுரம் போயிருந்தேன். பாட்டி இல்லை. வேடுபறி முடிந்து, கூட்டம் கலைந்து, கிழக்கு வெளுக்கும் நேரம். பிறகு எங்கள் ஊர்ப் பக்கத்துச் சிறிய கோயில் ஒன்றின் வாகன மண்டபத்தில், தங்கள் குதிரை வாகனத்தின் சாத்துப்படியைக் களைவதைப் பார்க்க இடம் கிடைத்தது. முதலில் மாலைகள் வந்தன. பிறகு தலையாட்டம், நெற்றிப்பட்டம். பட்டுத் துணியை உதறி மடித்தார்கள். கடைசியில் வெறும் மரக்குதிரை நின்றது. அதன் உடம்பிலேயே சேணமும் மார்வாரும் வாலடி வாரும் செதுக்கியிருந்தன, சேணத்துக்கு அடியில் ஓர் அடித்துணியின் ஓரம்கூட. வண்ணம் உரிந்திருந்தது. பட்டு மூடிவிடும் இடம் அது. யார் கண்ணிலும் படாது என்று தெரிந்தும் தச்சர் அந்தத் துணியின் மடிப்பைச் செதுக்கியிருந்தார். மண்டபத்து ஐயர் லகானைக் கையில் சுற்றி, "நாழியாச்சு, கதவைச் சாத்தணும்" என்றார்.

அடுத்த இதழில்: லாடம் அடித்தவர்கள்.